வீடு வீடாகப் போகும் எங்கள் மகன்

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப தின ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எங்களுக்கு மேடைப் பழக்கம் கிடையாது. கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து எழுதியதை ஒருவர் வாசிக்கிறார். மற்றவர் கீழே உட்கார்ந்து, எதையாவது விட்டுவிட்டால் கண்ணால் மிரட்டுவதாக ஏற்பாடு. பிள்ளைகளால் அடைந்த பெருமையைப் பற்றி மூன்று குடும்பங்கள் பேச வேண்டும் என்று செயலாளர் தொலைபேசியில் அழைத்துச் சொன்னபோது, எண் மாறி அழைத்துவிட்டாரோ என்றுதான் முதலில் நினைத்தோம். எங்களுக்கு முன்னால் பேசியவர்களின் மகள் மருத்துவர். அடுத்துப் பேசப் போகிறவர்களின் மகன் வழக்கறிஞர். மாஷா அல்லாஹ். நடுவில் நாங்கள். எங்கள் மகன் புளோக் புளோக்காக ஏறி, வீடு வீடாக மணியடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை விற்கிறான்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், தப்பில்லை. இதைச் சிரித்த முகத்தோடு சொல்ல எங்களுக்கே பல வருடங்கள் பிடித்தன.

எங்கள் இருவர் குடும்பமும் கடையநல்லூரிலிருந்து வந்தது. தறி நெய்த ஊர். தறி சோறு போடாமல் போன காலத்தில் கப்பலேறி வந்து தஞ்சோங் பகாரில் தங்கிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆண்கள் வெளிவேலைக்குப் போனார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரியுமோ என்னவோ. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி கொடுங்கள்.

எங்கள் பாட்டியார் சுபுஹு தொழுததும் அம்மிக்கு முன்னால் உட்காருவார். மிளகாய் ஒரு உருண்டை, மல்லி ஒரு உருண்டை, மஞ்சள் ஒரு உருண்டை, சீரகம் ஒரு உருண்டை. எல்லாவற்றையும் தட்டில் வரிசையாக வைத்து, வாழையிலை போட்டு மூடி, அதன்மேல் ஈரத்துணி போடுவார். வெயில் ஏறுவதற்குள் புறப்பட்டுவிட வேண்டும். மலாய்க்காரர் வீடு, சீன பாபா வீடு, நம்மவர் வீடு என்று ஒவ்வொரு வாசலாகப் போவார். மீன் குழம்புக்கு இவ்வளவு, இறைச்சிக்கு இவ்வளவு என்று அந்தந்த வீட்டுக் கணக்கு அவர் விரலில் இருக்கும். சில்லறைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிய பேரப்பிள்ளைகள் நாங்கள். இரவில் அவர் கையில் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவதும் எங்கள் வேலை. மிளகாய் எரிச்சல் உள்ளங்கையிலிருந்து லேசில் போகாது.

ஒரு விஷயம் அந்த வயதில் எங்களுக்கு விளங்கவே இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் பாட்டியார் வாசலுக்கு நேராக நிற்க மாட்டார். குரல் கொடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி, சுவரைப் பார்த்து நிற்பார். நேரே நின்றால்தானே உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியும் என்று கேட்டோம். "அவங்க எப்படி இருக்காங்களோ, நம்ம கண்ணு அவங்களுக்கு முந்தி உள்ள போகக் கூடாது" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நம் சங்கமும் அப்படி வளர்ந்ததுதான். ஆரம்ப காலத்தில் சந்தாவும் மரண சகாய நிதியும் வங்கி வழியாக வரவில்லை. ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்து மாலையில் வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் இருந்தார்கள். வீவக வீடுகளுக்குக் குடும்பங்கள் சிதறிப் போன பிறகு, அவர்களுடைய சுற்று பெரிதானது. அந்தக் காலத்து புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. நின்ற மாடியில் இறங்கி, மிச்சத்துக்குப் படி ஏற வேண்டும். மர்ஹூமாகிவிட்ட அந்தப் பெரியவர்களை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்துவிட்டு, எங்கள் மகன் வீடு வீடாகப் போகிறான் என்றதும் எங்களுக்கு வெட்கம் வந்தது. அதைத்தான் இன்று இந்தச் சபையில் ஒப்புக்கொள்ள வந்திருக்கிறோம்.

அவன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வர்த்தகம் படித்தான். தேசிய சேவையை முடித்து ஓர் அலுவலகத்தில் சேர்ந்தான். ஆட்குறைப்பில் அந்த வேலை போயிற்று. நண்பன் ஒருவன் சொல்லி, தண்ணீர் வடிகட்டி விற்கும் வேலைக்குப் போனான். சம்பளம் கிடையாது, விற்றால் கமிஷன். முதலாளி கட்டும் மத்திய சேமநிதியும் கிடையாது. வேறு வேலை கிடைக்கும் வரைதானே என்று நாங்கள் ஆறுதல் பட்டுக்கொண்டோம். ஆனால் அவனுக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. காலையில் காப்பி குடிக்கும்போதே, நேற்று ஒரு வீட்டில் பூனை ஒன்பது இருந்தது, ஒரு தாத்தா தன் பழைய வானொலிகளையெல்லாம் காட்டினார் என்று கதை சொல்லுவான். நாங்கள் காதில் வாங்கியும் வாங்காமல் இருப்போம்.

கல்யாண வீடுகளில் யாராவது "மகன் என்ன செய்யிறாப்ல?" என்று கேட்டால், "மார்க்கெட்டிங்கில் இருக்கிறான்" என்று சொல்லப் பழகினோம். அது பொய்யில்லை. உண்மையும் இல்லை. ஒருமுறை அவன் பிரியாணித் தட்டோடு பின்னால் நின்று இதைக் கேட்டுவிட்டான். அன்றிரவு வீட்டுக்கு வந்து, "அத்தா, மார்க்கெட்டிங் வேற, நான் செய்யிற வேலை வேற" என்று மட்டும் சொன்னான். கேலி மாதிரி இருந்தது. கேலி இல்லை என்று எங்களுக்குத் தெரியும். வந்த ஒரு சம்பந்தம் இந்த வேலையைக் காரணம் காட்டி நின்றும் போனது. அதற்குப் பிறகு அல்லாஹ் நல்ல மருமகளைக் கொடுத்தான், அது வேறு கதை.

இனி அந்த வடிகட்டி விஷயம். இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று கீழே உட்கார்ந்திருப்பவர் கண் காட்டுகிறார்.

ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு வந்தான். சாப்பிடவில்லை. பையிலிருந்து ஒரு சிறு கருவியை எடுத்துச் சமையலறை மேசையில் வைத்தான். இரண்டு கண்ணாடித் தம்ளர். ஒன்றில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றதில் வடிகட்டித் தண்ணீர். கருவியின் இரும்புக் கம்பிகளை இரண்டிலும் விட்டு மின்சாரம் கொடுத்தான். சற்று நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகிக் குழம்பி, கசடு மிதக்கத் தொடங்கியது. வடிகட்டித் தண்ணீர் பளிச்சென்று அப்படியே இருந்தது. எங்களுக்குக் குலை நடுங்கிவிட்டது. இதையா இத்தனை வருடம் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம் என்று அவன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரு சிட்டிகை உப்பு குடுங்கம்மா" என்றான். அந்த உப்பைச் சுத்தமான தம்ளரில் போட்டுக் கலக்கி, மறுபடியும் மின்சாரம் கொடுத்தான். அந்தத் தண்ணீரும் பழுப்பாயிற்று.

பிறகுதான் விளக்கினான். குழாய்த் தண்ணீரில் இயற்கையான தாது உப்புகள் இருக்கின்றன. அதனால் மின்சாரம் பாய்கிறது. பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது. நாம் பார்ப்பது கம்பியின் துரு, தண்ணீரின் அழுக்கு இல்லை. அந்த வடிகட்டி தாது உப்புகளையும் சேர்த்து எடுத்துவிடுவதால் அதில் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, நிறமும் மாறுவதில்லை. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்று பொதுப் பயனீட்டுக் கழகம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. வடிகட்டி வேண்டும் என்பவர் வாங்கிக்கொள்ளட்டும், அது அவர் விருப்பம். ஆனால் இந்தத் தம்ளரைக் காட்டிப் பயமுறுத்தி விற்பது வேறு. அப்படித்தான் விற்க வேண்டும் என்று அவன் வேலை பார்த்த நிறுவனத்தில் பழக்கியிருந்தார்கள். அவனும் நம்பித்தான் காட்டியிருக்கிறான். அன்று மதியம் வேறொரு விற்பனையாளர் பேச்சுவாக்கில் விஷயத்தை உடைத்துவிட்டார்.

எங்களுக்கு அப்போது நினைவுக்கு வந்தது, மதரஸாவில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லும் தானியக் குவியல் சம்பவம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு குவியலுக்குள் கையை விட, மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கண்டித்தார்கள். இதை நாங்கள் அவனுக்குச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் கேட்டான், "முந்தாநாள் தோ பாயோவில் ஒரு சீனப் பாட்டி கையெழுத்துப் போட்டாங்க. தனியா இருக்கறவங்க. என்ன செய்யலாம்?"

நேர்மையாகச் சொல்கிறோம். எங்களிடம் உடனே பதில் இல்லை. ஆயிரம் வெள்ளிக்கு மேற்பட்ட விற்பனை. அந்த மாதம் அவனுக்கு வேறு விற்பனையே இல்லை. இனிமேல் செய்யாதே, நடந்தது நடந்துபோகட்டும் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. சொல்லவும் செய்தோம் என்று கீழே இருப்பவர் ஞாபகப்படுத்துகிறார். ஆம், சொன்னோம்.

அவன் கேட்கவில்லை. மறுநாள் காலையிலேயே அந்தப் பாட்டியின் வீட்டுக்குப் போய், தனக்குத் தெரிந்த அரைகுறை ஹொக்கியனிலும் மலாயிலும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். நேரடி விற்பனை ஒப்பந்தத்தை ஐந்து வேலை நாட்களுக்குள் ரத்து செய்ய வாங்கியவருக்கு இங்கே சட்டப்படி உரிமை இருக்கிறது. அதற்கான கடிதத்தை எழுத உதவி செய்து, கையெழுத்து வாங்கி, தானே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறான். அதே மேசையில் கருவியையும் வைத்துவிட்டு வந்துவிட்டான். அதற்கு முன்னால் விற்ற வீடுகளில் தன் நோட்டில் முகவரி இருந்தவற்றுக்கும் போனான். சிலர் திட்டினார்கள். சிலர், பரவாயில்லை, தண்ணீர் ருசியாக இருக்கிறது, வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். மூன்று மாதம் அவன் கையில் காசு இல்லை. அந்த மூன்று மாதமும் அவனை ஏதாவது அலுவலகத்தில் உட்கார வைத்துவிட நாங்கள் படாத பாடில்லை. ஒரு சுயவிவரத்தை எழுதி, அவனுக்குத் தெரியாமல் நாலு இடத்துக்கு அனுப்பினோம். அதுவும் சொல்ல வேண்டியதுதான்.

அவன் மறுபடியும் கதவுகளுக்கே போனான். இந்தத் தடவை கொசுவலை. ஜன்னலை அளந்து, சட்டம் போட்டு, வேண்டும்போது கழற்றிக் கழுவிக்கொள்ளும்படி மாட்டித் தருகிறார்கள். 2020இல் நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை வந்தது. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க முடியாது. அவன் தொழில் அடியோடு நின்றது. பழைய வாடிக்கையாளர்களில் வயதானவர்களைத் தொலைபேசியில் அழைத்து, சாமான் ஏதும் வேண்டுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தான். இதில் என்ன வருமானம் என்று நாங்கள் முணுமுணுத்தோம். அதே ஆண்டில்தான் டெங்கியும் தலைவிரித்தாடியது. 35,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். கதவுகள் திறந்த பிறகு அவன் வலைக்கு ஆள் தேடி வந்தார்கள். பயத்தில் வந்தவர்களிடம் இன்னும் நாலு வலை சேர்த்து விற்றிருக்கலாம். அந்தத் தம்ளரை மறக்காதவன் என்பதால், அவன் பேச்சை எப்படித் தொடங்குவான் என்று எங்களுக்குக் கொஞ்சம் ஆவலாகவே இருந்தது. பார்க்கும் வாய்ப்பு பிறகுதான் கிடைத்தது.

அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. நம் சங்கத்துச் சகோதரர் ஒருவர் வீட்டில், யார் வீடு என்று தெரியாமல் அவன் மணியடித்திருக்கிறான். அவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார், பெயரைச் சொல்ல மாட்டோம். அவர் ஆளை அடையாளம் கண்டு, உள்ளே அழைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். அன்று மாலையே எங்களைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி வெயில்ல அலையுது. என் அலுவலகத்துல சொல்லி வைக்கட்டுமா?" என்றார். பாசத்தோடுதான் கேட்டார். நாங்கள் நன்றி சொல்லி, மகனிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றோம்.

மகனிடம் சொன்னபோது அவன் முகம் மலர்ந்தது. "மாமா ஐஸ் தண்ணி குடுத்தாங்க" என்றான். பிறகு வேலை விஷயத்தைச் சொன்னோம். "நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டான். "கேட்டுச் சொல்றோம்னு சொன்னோம்." அவன் ஒன்றும் பேசவில்லை. அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டான். கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது.

அந்த வாரச் சனிக்கிழமை அந்தப் பையை வீட்டிலேயே மறந்துவிட்டான். மாதிரிச் சட்டமும் நாடாவும் அதில்தான். அங் மோ கியோவில் இருக்கிறேன், கொண்டுவர முடியுமா என்று அழைத்தான். இரண்டு பேருமே கிளம்பினோம். அங்கே பழைய நீள புளோக்குகள். ஒரே நடைபாதையில் வரிசையாக வீடுகள். பையைக் கொடுத்துவிட்டு, போகிறோம் என்று சொல்லிவிட்டு, போகாமல் மின்தூக்கிப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தோம். பெற்றவர்கள் செய்யும் திருட்டுத்தனம்.

முதல் வீடு. ஒருமுறை மணியை அழுத்தினான். அழுத்திவிட்டு, கதவுக்கு நேராக நிற்காமல் இரண்டடி ஓரமாக ஒதுங்கி, உள்ளே பார்க்காமல் வெளிப்பக்கத்துச் சுவரைப் பார்த்து நின்றான். பதில் இல்லை. சற்றுப் பொறுத்து இரண்டாம் முறை. பொறுத்து மூன்றாம் முறை. பிறகு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே ஒருவர் கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து வேண்டாம் என்று சத்தம் போட்டார். "தொந்தரவுக்கு மன்னிக்கணும் அங்கிள், நன்றி" என்று தலையசைத்துவிட்டு நகர்ந்தான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

நாலாவது வீட்டில் ஒரு மலாய் மூதாட்டி திறந்தார். இவன் வலையைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் பூந்தொட்டித் தட்டைக் காட்டி, தண்ணீர் நிற்கிறது என்றான். அனுமதி கேட்டு, தானே ஊற்றிவிட்டான். ஜன்னலுக்கு வெளியே துணி உலர்த்தும் மூங்கில் கழிகளைச் செருகும் குழாய்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் மழைநீர் தேங்கிக் கொசு முட்டையிடும். கழி இல்லாத நேரத்தில் அவற்றை மூடி வைக்கச் சொல்லி தேசியச் சுற்றுப்புற வாரியம் வருடக்கணக்காகச் சொல்கிறது. அந்த அம்மாவுடைய குழாய்களுக்கு மூடி இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தான். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மாதிரிச் சட்டத்தை எடுத்தான். அவர் வாங்கவில்லை. ஸலாம் சொல்லிவிட்டு வந்தான்.

அவன் அம்மா அழுதுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவனுக்குக் கலக்கமாகிவிட்டது. "என்னாச்சும்மா?" என்றான். ஏன் இப்படி ஓரமாக நிற்கிறாய், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டோம். பாட்டியாரை அவன் பார்த்ததே இல்லை. அவரைப் பற்றி நாங்கள் பெரிதாகச் சொன்னதும் இல்லை, அதுவும் ஒருவகை வெட்கம்தான். அவன் சாதாரணமாகச் சொன்னான். சனி ஞாயிறு மதரஸாவில் உஸ்தாத் சொல்லிக் கொடுத்ததாம். பிறர் வீட்டுக்குப் போனால் ஸலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும், மூன்று தடவைக்கு மேல் கூடாது, வாசலுக்கு நேராக நிற்கக் கூடாது, திரும்பிப் போ என்றால் வருத்தமில்லாமல் திரும்பிவிட வேண்டும் என்று. சூரத்துந் நூர் பாடம். "நீங்கதானே அத்தா அனுப்பினீங்க" என்றான்.

எங்கள் பாட்டியார் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருக்கு இதை யார் சொன்னார்கள் என்று தெரியாது. அந்த நடைபாதையில் நின்றபோது மல்லி அரைத்த வாசனை வந்தது போல எங்களுக்கு இருந்தது. யார் வீட்டிலாவது சமைத்துக்கொண்டும் இருந்திருக்கலாம்.

மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரித் தோழர் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவர்களோ அதற்காக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று வாழ்க்கையைத் தொடங்கினார்கள். இந்தச் சம்பவத்தை இதே மேடையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். எங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றிய பேச்சாக அதை ஒருநாளும் நாங்கள் கேட்டதில்லை.

அன்று இரவு அந்தச் சகோதரரை அழைத்தோம். "மகனிடம் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. அவன் நல்ல வேலையில்தான் இருக்கிறான். உங்கள் அன்புக்கு ஜஸாக்கல்லாஹு கைரா" என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. மனம் நோகச் செய்துவிட்டோமோ என்று பயந்தோம். பிறகு, "அப்படின்னா தம்பியை வரச் சொல்லுங்க. எங்க வீட்டு ஜன்னலுக்கு மூணு வலை வேணும்" என்றார்.

மகன் போனான். ஒரு மணி நேரம் கழித்து அவரே எங்களை அழைத்து, சிரித்துக்கொண்டு சொன்னார்: வீடு முழுக்க அளந்து பார்த்துவிட்டு, "ஒண்ணு போதும் மாமா, மத்த ரெண்டு ஜன்னலையும் நீங்க திறக்கிறதே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அவனுக்காக துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.